போசன் கட்டிய கண்ணாடி அறை

என் அக்கா மெட்டில்டாவுக்குப் பிடித்த காற்று எது என்று அவள் புருஷனைக் கேட்டால் ஏசிக் காற்று என்று சொன்னாலும் சொல்வார். என்னைக் கேட்டால் சரியாகச் சொல்வேன். மதியச் சோற்று வேளையில் கடலிலிருந்து ஏறி வருமே, அந்தக் காற்று. அது வரும்வரை அவள் நெஞ்சுக்குள் ஒரு விசில் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும், வந்ததும் அடங்கும். சின்ன வயதிலிருந்தே அவளுக்கு இளைப்பு. தருவைகுளத்தில் எங்கள் அப்பா, வலை போட்டு வைக்கிற கொட்டகையிலேயே கடலைப் பார்த்து ஒரு கட்டிலைப் போட்டு அவளைப் படுக்க வைப்பார். டாக்டர் கொடுத்த மருந்து பாதி, அந்தக் கட்டில் பாதி என்றுதான் அவள் வளர்ந்தாள்.

கல்யாணம் முடிந்து தூத்துக்குடிக்கு வந்த பிறகு அந்தக் கட்டிலின் இடத்தை மொட்டை மாடி எடுத்துக்கொண்டது. நாலு இரும்புக் குழாயை நட்டு மேலே ஷீட் போட்ட ஒரு கொட்டகை. சுவர் என்று ஒன்று கிடையாது. வெங்காயம் உரிப்பது, மகள் சுஜிதாவைப் படிக்க வைப்பது, மத்தியானம் கண் அசருவது எல்லாம் அங்கேதான். குசினி வேலை முடிந்ததும் மேலே ஏறிவிடுவாள். அடுத்த தெருவில் இருக்கும் எங்கள் வீட்டு மாடியிலிருந்து பார்த்தால் அவள் புடவைத் தலைப்பு ஆடுவது தெரியும். ஆடினால் அன்று அக்கா நன்றாக இருக்கிறாள் என்று அர்த்தம்.

புருஷன் வில்பிரட் கப்பலில் போசன். டெக்கில் கயிறு இழுப்பவன், பெயிண்ட் அடிப்பவன் எல்லோருக்கும் மேலே இருப்பவர். அதிகாரிகள் எல்லோருக்கும் கீழே இருப்பவர். ஒன்பது மாதம் கடலில், மூன்று மாதம் வீட்டில். அந்த மூன்று மாதமும் அக்கா மாடிக்குப் போகமாட்டாள். கீழே ஏசி அறையில் அவர் பக்கத்தில் படுத்துக்கொண்டு, மூச்சை எண்ணி எண்ணி விடுவாள். இன்ஹேலர் மாதா சுரூபத்துக்குப் பின்னால் ஒளிந்திருக்கும்.

"அத்தான்கிட்டச் சொல்ல வேண்டியதுதானக்கா" என்று நான் கேட்டபோதெல்லாம் ஒரே பதில்தான்.

"லீவுல வாரவுககிட்டப் போயி சீக்கைப் பத்திப் பேசச் சொல்லுதியா? போறவரைக்கும் சந்தோசமா இருந்துட்டுப் போகட்டும்ல."

இப்படி ஒரு மனைவி வாய்த்தால் எந்த ஆண்தான் உருப்படுவான்? எனக்கு அத்தான் மேல் எவ்வளவு கோபமோ, அதில் பாதி அக்கா மேலும் உண்டு.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவர் கப்பலை விட்டு ஒரேயடியாக வந்துவிட்டார். வந்ததும் எங்களையெல்லாம் சாப்பிடக் கூப்பிட்டு, மீன் குழம்பு முன்னால் உட்கார்ந்து அறிவித்தார். "ஷாம், ஒங்க அக்காவை இத்தன வருசமா தனியா விட்டுட்டேன். இனிமே ஒரு குறையும் வைக்க மாட்டேன். மாடியில அந்தக் கொட்டகையைப் பிரிச்சுட்டு ஒரு கண்ணாடி ரூம் போடப்போறேன். நாலு பக்கமும் கண்ணாடி. ஹார்பருக்கு வார கப்பலெல்லாம் உக்காந்த எடத்துலயே தெரியும்."

அதில் அன்பு இல்லை என்று நான் சொல்லவில்லை. இருந்தது. ஆனால் அன்போடு வேறு ஒன்றும் இருந்தது. கப்பலின் மேல்தட்டில் பிரிட்ஜ் என்று ஓர் அறை உண்டு. கப்பலை ஓட்டுகிற இடம். சுற்றிலும் கண்ணாடி, நடுவில் ஒரு நாற்காலி. அந்த நாற்காலி கேப்டனுக்கு. அத்தான் அந்த அறையில் சுக்கான் பிடித்திருக்கிறார், காவல் நின்றிருக்கிறார், தரையைத் துடைத்திருக்கிறார். உட்கார்ந்ததில்லை. இவ்வளவு காலம் நின்றுகொண்டே பார்த்த கடலை இனி உட்கார்ந்து பார்க்க வேண்டும் அவருக்கு. அந்த ஆசையில் தப்பில்லை. அதற்கு அக்காவின் பெயரை வைத்ததுதான் தப்பு.

அளவெடுக்க ஆள் வந்த அன்றே அக்கா ஒன்று கேட்டாள். "கடல் பக்கம் மட்டும் ஒரு ஜன்னல் திறக்கிற மாதிரி வைக்கச் சொல்லுங்களேன்."

அலுமினிய வேலை செய்கிற ஜெனிஸும் டேப்பைப் பிடித்தபடி, "ஆமா அண்ணாச்சி, ஒரு பக்கம் ஸ்லைடிங் போட்டுருவோம்" என்றான்.

அத்தான் சிரித்தார். "கப்பல்ல எந்த ஜன்னலுடே தொறக்கும்? உள்ள ஏசி ஓடும், வெளிய புயலடிச்சாலும் ஒரு பொட்டு உப்பு உள்ள வராது. தொறந்தா உப்புக் காத்து வந்து எல்லாத்தையும் தின்னுரும். எல்லாம் ஃபிக்ஸடாவே போடு."

அவ்வளவுதான். கொட்டகை பிரிந்தது. கண்ணாடி ஏறியது. மூலை முடுக்கெல்லாம் சிலிக்கான் வைத்து அடைத்தார்கள். கதவுக்கு ரப்பர் பட்டை. நடுவில் ஒரு பெரிய சுழல் நாற்காலி, அதன் பக்கத்தில் அக்காவுக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. பங்குச் சாமியார் வந்து அறையை மந்திரித்துவிட்டு, நெற்றி வேர்வையை அங்கியிலேயே துடைத்துக்கொண்டு, காபி கூடக் குடிக்காமல் இறங்கிப் போனார். அப்போது மாசி மாதம். இன்னும் வெயிலே ஆரம்பிக்கவில்லை.

பங்குனி பிறந்ததும் தெரிந்தது. இந்த ஊர் வெயிலுக்கு மேற்கே பார்த்துக் கண்ணாடி போட்டால் என்ன ஆகும் என்று சொல்லவா வேண்டும்? ஏசி தன் பாட்டுக்கு இரையும், அறை தன் பாட்டுக்குக் கொதிக்கும். திரை போடலாம் என்றால், "திரை போடவா கண்ணாடி வாங்குனேன்?" என்பார். அவர் மட்டும் வெந்தால் நான் வாயே திறந்திருக்க மாட்டேன். அவருக்குப் பக்கத்தில் ஆள் வேண்டும். "ஏளா மெட்டில்டா, மேல வா! நிலக்கரிக் கப்பல் ஒண்ணு உள்ள வாரான்!" அக்கா கையைத் துடைத்துக்கொண்டு ஏறிப் போய் அந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காருவாள். கண்ணாடிக்கு வெளியே பக்கத்து வீட்டுத் தென்னை ஓலை கடல் காற்றில் பேயாட்டம் ஆடும். உள்ளே அவள் தலைமுடி ஒன்று அசையாது. ஓலை ஆடுவதைப் பார்த்துக்கொண்டே மூச்சுக்கு ஏங்குவாள். பட்டினி கிடப்பவன் முன்னால் இலை போட்டுப் பரிமாறிவிட்டுக் கையைக் கட்டிவைத்த மாதிரி.

ஒரு நாள் விசில் சத்தம் அவர் காதிலேயே விழுந்துவிட்டது. "என்ன சத்தம்ளா அது?" என்றார். அன்றுதான் அக்கா எல்லாவற்றையும் சொன்னாள். சின்ன வயதிலிருந்தே இளைப்பு, அந்தக் கொட்டகைதான் எனக்கு மருந்து, ஒரு ஜன்னல் மட்டும் வைத்துத் தாருங்கள் என்று இரண்டாவது முறையாகக் கேட்டாள்.

அத்தான் துடித்துப்போனார். உடனே பெரிய டாக்டரிடம் கூட்டிப் போனார். மருந்தைப் புகையாக்கி மூச்சில் இழுக்க ஒரு மெஷின் வாங்கினார். அறைக் காற்றைச் சுத்தம் பண்ண இன்னொரு மெஷின் வாங்கினார். அது மூலையில் நீல விளக்கைப் போட்டுக்கொண்டு, அதே கொதிக்கிற காற்றைச் சுத்தம் பண்ணிச் சுத்தம் பண்ணிக் கொடுத்தது. ஜன்னலை மட்டும் வைக்கவில்லை.

மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சுஜிதா வீட்டில் இல்லை. அத்தான் கோயில் திருவிழாக் கூட்டத்துக்குப் போயிருந்தார். போகும்போது கண்ணாடியில் உள்பக்கம் தூசி படிந்திருக்கிறது, துடைத்து வை என்று சொல்லிவிட்டுப் போனார். அக்கா துடைத்துக்கொண்டிருக்கும்போது கரண்ட் போயிற்று. ஏசி நின்றது. எங்கள் வீட்டு மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த என் மனைவி அலறினாள்.

"ஏங்க, ஓடி வாங்க! மதினி கண்ணாடிக்குள்ள நின்னு கையைக் கையை அடிக்காவ!"

நான் எப்படி ஓடினேன் என்று எனக்கே தெரியாது. மேலே போனபோது அக்கா தரையில் சரிந்து கிடந்தாள். உதடு நீலம். கதவு பூட்டியிருக்கவில்லை, கதவுவரை போக அவளிடம் மூச்சு இருக்கவில்லை, அவ்வளவுதான். கடல் பக்கக் கண்ணாடி முழுக்க அவள் உள்ளங்கை அச்சு.

ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் இருந்தாள். அத்தான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதார். அது நடிப்பில்லை. அந்த அழுகையைப் பார்த்து, சரி, இனியாவது புத்தி வரும் என்று நானும் நம்பினேன். நாங்கள் அக்காவை வீட்டுக்குக் கூட்டி வந்த அன்று வாசலில் ஒரு டீசல் ஜெனரேட்டர் நின்றது.

"கப்பல்ல ஜெனரேட்டர் நிக்கவே நிக்காது ஷாம். அதான் நமக்குத் தோணாமப் போச்சு. இனிமே கரண்ட் போனாலும் ஏசி நிக்காது."

"அத்தான், அவ கேட்டது ஒரு ஜன்னல்."

"ஒரு பக்கம் வெட்டுனா சீல் பூரா போயிரும்லே. கப்பலைப் பத்தி எனக்கே சொல்லித் தாரியா?"

"இது வீடு அத்தான்!" என்று கத்தினேன். அக்கா என் கையைப் பிடித்து அமுக்கினாள். "விடு ஷாம். நான் ரெண்டு தடவ கேட்டாச்சு, இப்ப நீயும் கேட்டாச்சு" என்றாள். மாடிக்குப் போனேன். கண்ணாடி பளபளவென்று இருந்தது. கை அச்சையெல்லாம் துடைத்துவிட்டிருந்தார்.

ஆடி மாதம் அவருடைய பழைய கேப்டன் ஒரு கல்யாணத்துக்குத் தூத்துக்குடி வந்தவர், போசன் வீட்டையும் பார்த்துவிட்டுப் போகிறேன் என்று போன் பண்ணினார். அத்தானுக்குத் தலைகால் புரியவில்லை. விடிந்ததிலிருந்து அக்காவை நண்டு, இறால், மக்ரூன் என்று விரட்டினார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை மாட்டிக்கொண்டார். கேப்டன் வந்ததும் நேரே மாடிக்குக் கூட்டிப் போனார். கேப்டன் இயல்பாக நடந்து போய் அந்தச் சுழல் நாற்காலியில் உட்கார்ந்தார். அத்தான் பக்கத்தில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். தன் வீட்டில், தான் ஆசைப்பட்டுக் கட்டிய அறையில்.

கேப்டன் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். "அருமையா இருக்கு போசன். ஆனா ஏன் இப்படிப் புழுங்குது? கடல் பக்கம் ரெண்டு ஜன்னல் திறக்கிற மாதிரி வெச்சிருக்கலாமே. நல்ல காத்து வருமே."

"எஸ் சார்" என்றார் அத்தான்.

சீல் இல்லை, உப்பு இல்லை, கப்பல் இல்லை. எஸ் சார். காபித் தட்டோடு அக்கா அப்போதுதான் படியேறி வாசலில் வந்து நின்றாள். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அன்று தரையில் உதடு நீலம் பாய்ந்து கிடந்தபோதுகூட அந்த முகம் அப்படி இல்லை.

மறுநாள் காலையிலேயே ஜெனிஸ் வந்துவிட்டான். இரண்டு கண்ணாடியைக் கழற்றி, இரண்டு ஜன்னல் பொருத்தினான். அரை நாள் வேலை. அத்தான் தானே பக்கத்தில் நின்று திருகாணி எடுத்துக் கொடுத்தார். முடிந்ததும் இரண்டையும் விரியத் திறந்துவைத்துவிட்டு, படி உச்சியில் நின்று கூப்பிட்டார். அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

"ஏளா மெட்டில்டா! மேல வந்து பாரு! ஒனக்குக் காத்து எப்படி வருதுன்னு பாரு!"

அக்கா மெல்ல, ஒவ்வொரு படியாக ஏறிப் போனாள். நானும் பின்னால் போனேன். காற்று வரத்தான் செய்தது. அவள் தலைப்பு படபடத்தது. ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். பிறகு கையை நீட்டி ஒரு ஜன்னலைச் சாத்தினாள். மற்றதையும் சாத்திக் கொக்கி போட்டாள்.

"என்னளா பண்ணுத?" என்றார் அத்தான்.

"இது ஒங்க கேப்டன் கேட்ட ஜன்னல். அவுக வரும்போது தொறந்து வைங்க."

இறங்கி வந்து மாதா சுரூபத்துக்குப் பின்னால் இருந்த இன்ஹேலரை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள். எங்கள் மாடியில் ஷீட்கூடக் கிடையாது. வெயில் தாழ்ந்த பிறகுதான் உட்கார முடியும். தினமும் அந்த நேரத்துக்கு வந்து, அந்தி சாயும்வரை இருந்துவிட்டு, அவருக்கு ராத்திரிச் சாப்பாடு போடத் திரும்பிப் போகிறாள்.

அத்தானும் அந்த நேரத்தில் கண்ணாடி அறையில்தான் இருப்பார். இரண்டு ஜன்னலும் திறந்தே இருக்கும். அவர் நாற்காலி மட்டும் துறைமுகத்தைப் பார்த்து இல்லை, எங்கள் மாடியைப் பார்த்துத் திரும்பியிருக்கும். அக்கா அவருக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருப்பாள்.