வெள்ளை மரத்தில் ஒரு மஞ்சள் பொட்டு

அன்று பட்டறையில் இருந்தது நானும் அக்காவும். இல்லாதது மச்சான். அவர் மட்டும் இருந்திருந்தால் இந்த வாரம் உங்களுக்கு எழுத நான் வேறு விஷயம் தேடியிருக்க வேண்டும்.

மச்சானுக்குத் தச்சு வேலை. சிறுவாச்சூர் மெயின் ரோட்டில் தகரம் போட்ட பட்டறை. கட்டில், நிலை, ஜன்னல்... அதுவரை வந்ததெல்லாம் இதுதான். போன மாதம்தான் முதல்முறையாக ஒரு பெரிய வேலை வந்து நின்றது. பெரம்பலூரில் புதிதாகத் திறக்கப்போகும் நகைக்கடைக்கு, நகை எடுத்துக் காட்டப் பதினெட்டு மரத்தட்டு. தட்டு பிடித்துவிட்டால் கவுன்ட்டர், ஷோகேஸ் எல்லாமே மச்சானுக்கு. பிடிக்காவிட்டால் திருச்சியிலிருந்து ஆள் வரும்.

கடைக்காரர் வைத்த நிபந்தனை ஒன்றே ஒன்று.

"மரம் வெள்ளையா இருக்கணும். வெள்ளையாவே இருக்கணும். மஞ்ச மரத்துல தங்கத்த வச்சா தங்கம் செத்துப்போயிரும் தம்பி. கவரிங் மாதிரி தெரியும்."

நியாயம்தானே?

மாமரம் பார்த்தோம் — உள்ளே பழுப்பு ரேகை. வேம்பு பார்த்தோம் — ரோஸ் அடித்தது. கடைசியில் உடையார்பாளையம் பக்கத்திலிருந்து வெட்பாலை கொண்டுவந்தார் மச்சான். பொம்மை கடைவதற்கு எடுக்கும் மரம். இழைத்ததும் தேங்காய்ச் சில்லு போல இருந்தது.

மரம் கிடைத்தால் போதுமா? துண்டுப் பலகையில் வார்னிஷ் அடித்துப் பார்த்தார். டீ சிந்திய வேட்டி மாதிரி ஆனது. சாதாரண அரக்கு பாலிஷ் போட்டார். டீ கொஞ்சம் லைட்... அவ்வளவுதான் வித்தியாசம். பிறகுதான் விசாரித்தோம் — அரக்கையே வெளுக்க வைத்துத் தனியாக விற்கிறார்களாம். அதை ஸ்பிரிட்டில் கரைத்து, மெல்லிசாக, ஒரு பூச்சு காய்ந்த பிறகு அடுத்தது என்று பூசினால் மரம் தன் நிறத்திலேயே நிற்கும். அதை வாங்கத்தான் வெள்ளிக்கிழமை காலை மச்சான் திருச்சிக்கு பஸ் ஏறினார். பதினெட்டுத் தட்டும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தயார்.

"தட்டத் தொடாத மாப்ள. வேர்வக் கை பட்டாக்கூட மரம் இழுத்துக்கும்."

தலையாட்டினேன்.

அவர் போன ஒரு மணி நேரத்தில் அக்கா கிண்ணத்தோடு வந்தது.

"மொத பெரிய வேல. வெள்ளிக்கெழம வேற. மஞ்ச குங்குமம் வைக்காம எப்புடிடா பாலீசு போடுறது?"

சரிதானே என்று எனக்கும் தோன்றியது. கை படக்கூடாது என்று சுத்தமான துணியால் ஒவ்வொரு தட்டாகப் பிடித்துக்கொண்டேன். நட்டநடுவில் குழைத்த மஞ்சளை அக்கா பொட்டாக வைத்தது. அதன்மேல் துளி குங்குமம். சூடம் காட்டினோம். பதினெட்டும் பார்க்க அவ்வளவு லட்சணமாக இருந்தன...

சூடம் அணைந்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

ஈரத்துணியால் துடைத்தேன். குங்குமம் வந்தது, மஞ்சள் வரவில்லை. நான் எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி, அதுவும் பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி. யோசித்து, மூன்று தட்டுகளில் சோப்பு போட்டுத் தேய்த்தேன். மஞ்சள் ரத்தச் சிவப்பானது. காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும் என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவன் நான். எலுமிச்சம்பழம் தேய்த்தேன். சிவப்பு போய் மஞ்சள் திரும்பி வந்தது — முன்னைவிட அகலமாக. கடைசித் தட்டுக்குப் பழம் போதவில்லை.

சாயங்காலம் மச்சான் வந்தார். அந்தச் சிவப்புத் தட்டைத் தூக்கிப் பார்த்தார்.

"யாருக்கு மாப்ள ஆரத்தி எடுத்தீங்க?"

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்தது. மச்சான் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. வாங்கிவந்த அரக்குப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு மரக்கட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். செவ்வாய்க்கிழமை தட்டுகளைக் கடைக்காரரிடம் காட்டியாக வேண்டும்.

அக்காதான் வழி சொன்னது. "மஞ்ச பட்ட சீலைய வெயில்ல போட்டா வெளுத்துப்போவுமே. மரம் மட்டும் என்ன, வெளுக்க மாட்டேன்னு சொல்லிருமா?"

"போடுவோம். இதுக்கு மேல கெட என்ன இருக்கு?" என்றார் மச்சான்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் தட்டுகள் வெயிலில் கிடந்தன. பலகை வளையக்கூடாது என்று அரைமணிக்கு ஒருமுறை நானும் மச்சானும் திருப்பிப் போட்டோம். பொட்டு மங்கி, மங்கி... பதினைந்தில் காணாமலே போனது. வெயிலில் மரம் லேசாகக் கறுத்திருந்ததை உப்புத்தாள் எடுத்துவிட்டது. நான் சோப்பு போட்ட மூன்று மட்டும் தேறவில்லை. தேய்க்கத் தேய்க்கக் குழிதான் விழுந்தது.

மரத்தை மஞ்சளாக்குவது டப்பாவில் வரும் என்று நினைத்து ஒரு மாதம் டப்பா டப்பாவாகச் சந்தேகப்பட்டோம். நம் வீட்டுக் கிண்ணத்தை யார் சந்தேகப்படுவார்கள்? கெட்ட எண்ணத்தோடு செய்வதைவிட நல்ல எண்ணத்தோடு செய்வதில்தான் நாம் கவனமே இல்லாமல் இருக்கிறோம். (பூஜை போடுகிறவர்கள் பாலிஷ் போட்ட பிறகு போடுங்கள். அரக்கு காய்ந்துவிட்டால் மஞ்சள் துடைத்ததும் வந்துவிடும்.)

திங்கட்கிழமை அரக்கு பூசிய தட்டு ஒன்றில், செவ்வாய்க்கிழமை கடைக்காரர் செயினை வைத்தார். வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். திரும்பி வந்து எண்ணினார்.

"மூணு கொறையுது?"

"கெட்டுப்போச்சுங்க. எங்க வூட்டு ஆளுங்கதான் கெடுத்துட்டாங்க," என்றார் மச்சான். நான் கூரையைப் பார்த்தேன்.

"டேப்பு கொண்டாந்திருக்கியா? கவுன்ட்டருக்கு அளவு எடுத்துக்க. இதே மரம், இதே பாலீசு."

சொல்லிவிட்டு, மூன்று தட்டுக்கான காசைக் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுத்தார்.

வெளியே வந்ததும் மச்சான் கேட்டார். "மாப்ள, காலேஜுல ஒரு வருசத்துக்கு என்ன கட்டுன?"

சொன்னேன். கவர்மென்ட் காலேஜ், முந்நூற்றுச் சொச்சம்.

அதே கெமிஸ்ட்ரிக்கு, மூன்று தட்டில், அவர் கட்டியது நானூற்றைம்பது ரூபாய்.