மூன்று புள்ளிக்குள் ஒளிந்த மீதி

அந்தப் பள்ளியின் பத்தாம் வகுப்புக் கணக்கு ஆசிரியருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் ‘டவுட்’. வீட்டைப் பூட்டி, இழுத்துப் பார்த்துவிட்டுத் தெருமுனை வரை போவார். இழுத்தது நம் வீட்டுப் பூட்டைத்தானா என்று திரும்பி வருவார். கண்ணாடியில் தெரியும் ஆளைக்கூட ஒருமுறை ஏற இறங்கப் பார்த்த பிறகுதான் முகச்சவரம்.

எண்களின் அடிப்படைக் கருத்துகளைப் பற்றிக் கணக்கு ஆசிரியர்களுக்குப் பயிற்சி என்று ஆணை வந்தது. தலைமை ஆசிரியர் கூப்பிட்டுச் சொன்னார்: “கடைசி நாள் மாதிரி வகுப்பு எடுத்துக் காட்டணுமாம் சார். தேறினா பத்தாம் கிளாஸ் உங்களுக்கே. இல்லேன்னா ஆறாம் கிளாஸ்தான்.”

வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம், “எவனோ என் நாற்காலிக்குக் குறி வெச்சிருக்கான்” என்றார்.

“அதுல ஆணி துருத்திட்டு நிக்குது, நீங்கதானே சொன்னீங்க? அதுக்கு எவன்ங்க அடிச்சுக்கப் போறான்?”

ஆணியை அடித்தவன் யார் என்று அன்று முழுக்க யோசித்தார்.

பயிற்சிக் கூடத்தில் சுவரோரக் கடைசி நாற்காலியைப் பிடித்தார். முதுகுப் பக்கமாவது பத்திரமாக இருக்கட்டும். பக்கத்தில் வேறு பள்ளிக்காரர் ஒருவர். கொட்டாவி விடுவதிலேயே அவருக்குப் பொழுது போனதால் பெயரும் கொட்டாவி ஆயிற்று.

பயிற்சி தரும் அம்மா கரும்பலகையில் 0.999… = 1 என்று எழுதினார். எழுதி முடித்ததுதான் தாமதம், டவுட் எழுந்தார்.

“மேடம், ஒண்ணு ஆக இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்குல்ல? அதை யார் எடுத்தது?”

“எவ்வளவு பாக்கின்னு சொல்லுங்க சார், எடுத்தவரைப் பிடிச்சிடலாம்.”

“ஆயிரத்துல ஒரு பங்கு.”

அந்த அம்மா நாலாவது ஒன்பதைப் போட்டார். “இப்பவே அதைவிடக் கொறஞ்சிடுச்சே?”

டவுட் லட்சத்தில் ஒரு பங்கு என்றார், கோடியில் ஒரு பங்கு என்றார். எவ்வளவு பொடிசாகச் சொன்னாலும் ஒன்பதுகள் அதைத் தாண்டி ஓடின. உட்கார்ந்தவர் கொட்டாவியின் காதில், “கை வேகத்தைப் பாத்தீங்களா? சீட்டு கலைக்கிற கை” என்றார்.

மாதிரி வகுப்புக்குச் சீட்டுக் குலுக்கிப் போட்டதில் டவுட்டுக்கு அதே தலைப்பு வந்தது. குலுக்கிய டப்பாவைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டுத்தான் பலகைப் பக்கம் போனார். சக ஆசிரியர்கள் மாணவர்களாக உட்கார்ந்தார்கள்.

அந்த அம்மாவின் ஒன்பதுகளை அவர் தொடவில்லை. ஆண்டாண்டாகத் தானே எழுதி வந்ததை எழுதினார்: மூன்றில் ஒன்று = 0.333… அதை மூன்றால் பெருக்கினால் ஒரு பக்கம் 1, மறுபக்கம் 0.999… ‘எப்படி!’ என்று திரும்பினார்.

கொட்டாவி கையைத் தூக்கினார். “சார், எனக்கு ஒரு டவுட்டு.”

கூடமே சிரித்தது.

“ஒண்ணை மூணால வகுக்கறப்ப ஒவ்வொரு தடவையும் ஒண்ணு மீதி நிக்குதே. அந்த மீதி எங்க சார்?”

டவுட் திரும்பித் தன் 0.333… ஐப் பார்த்தார். ஊரையெல்லாம் சந்தேகப்பட்டவர், தன் கையால் வைத்த மூன்று புள்ளியை ஒருநாளும் விசாரித்ததில்லை. மீதியை அதற்குள் தள்ளி மூடியவர் அவரேதான். பத்தாம் வகுப்பு கைநழுவுவது கண்ணுக்குத் தெரிந்தது.

“தெரியல. இத்தனை வருஷமா நான் கேக்கவே இல்ல” என்றார். பிறகு கண்ணைச் சுருக்கி, “மூணுல ஒண்ணுக்கு எவ்வளவு கொறையுது? நீங்களே சொல்லுங்க” என்றார்.

கொட்டாவி சொன்னார். இவர் இன்னொரு மூன்றைப் போட்டார். கொட்டாவி இன்னும் சிறிதாகச் சொல்லச் சொல்ல, மூன்றுகள் பலகையின் ஓரம்வரை போயின. கடைசியில் கொட்டாவி, “அப்போ ரெண்டுக்கும் நடுவுல நுழைய ஒரு எண்ணுக்கும் இடமில்ல” என்றார்.

“நடுவுல எதுவுமே நுழைய முடியலேன்னா, அது ரெண்டு எண்ணு எப்படி? ரெண்டும் ஒண்ணேதானே?”

சொன்ன பிறகுதான் யார் பேச்சைத் தான் பேசுகிறோம் என்று அவருக்கே உறைத்தது. பின்வரிசையில் அந்த அம்மா ‘தேறினார்’ என்று குறித்துக்கொண்டார்.

பஸ் நிறுத்தத்தில் கொட்டாவி கேட்டார்: “அப்போ நம்பிட்டீங்களா சார்?”

டவுட் சான்றிதழின் முத்திரையை வெயிலில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நம்புறதாவது! எதிரா சாட்சி கிடைக்கல. இப்போதைக்கு ஜாமீன்ல விட்டிருக்கேன்.”