கிள்ளான் கடைக்காரர் கொடுத்த ஏஞ்சல் ஜோடி

"கன்ஃபார்ம் ஜோடி லா அக்கா"ன்னு சொல்லித்தான் கிள்ளான் மீன் கடை அண்ணன் ரெண்டு ஏஞ்சல் மீனைக் கொடுத்தார்.

நானும் நம்பி, குஞ்சு பொரிக்கட்டும்னு அதுங்களுக்குத் தனித் தொட்டியே வாங்கி ஹால்ல வச்சேன்.

முட்டை போட்டுச்சு. அத்தனையும் வெள்ளையாகிக் கெட்டுப் போச்சு. மறுபடி போட்டுச்சு, மறுபடியும் அதே கதை.

எனக்கு வீட்டுக்காரர் மேலதான் சந்தேகம். தண்ணி மாத்துறது அவர்தானே.

"குளோரின் போகாத குழாய்த் தண்ணிய அப்படியே ஊத்துனீங்களா?"

"இல்லம்மா, பிடிச்சு வச்சுத்தான் ஊத்துறேன்."

நான் நம்பல. வீட்ல பேச்சே நின்னு போச்சு.

இன்னிக்கு லீவு போட்டுத் தொட்டி முன்னாடியே உட்கார்ந்துட்டேன். ஒரு மீன் செடி இலை மேல வரிசையா முட்டை வச்சது. அது நகர்ந்ததும் இன்னொரு மீனும் வந்து அதே இலையில முட்டை வச்சது!

ரெண்டுமே பொண்ணு. அப்புறம் எப்படிக் குஞ்சு வரும்?

உடனே கடைக்குப் போன் போட்டேன். "ஜோடின்னு சொன்னீங்களே அண்ணே?"

"ஜோடிதான் அக்கா. ஒன்னை விட்டு ஒன்னு பிரியுதா பாருங்க. ஆணும் பொண்ணும்னு நான் சொல்லவே இல்லையே லா."

வீட்டுக்காரருக்கு டீ போட்டுக் கொடுத்தேன். குடிச்சார், இன்னும் சிரிக்கல.

பிரிக்பீல்ட்ஸ் பக்கம் யார்கிட்டயாவது ஆண் ஏஞ்சல் இருக்கா? அது ஆணுன்னு உங்களுக்கு யார் சொன்னாங்கன்னும் கமெண்ட்ல சேர்த்து எழுதுங்க.