கழற்றிப் பூட்டும் கட்டில்

நான் செய்த எந்தத் தளபாடத்திலும் ஆணி இருக்காது. பெருமைக்குச் சொல்லவில்லை. புத்தளத்துக் கரைத்தீவில் எங்கள் ஆட்கள் கேட்டதே அப்படித்தான். யுத்தத்தில் மன்னாரிலிருந்து துரத்தப்பட்டு வந்து இன்னொருவர் காணியில் கொட்டில் போட்டிருந்தவர்கள் நாங்கள். காணிக்காரர் எழும்பச் சொன்னால் எழும்பத்தான் வேண்டும். கதிரை வாங்க வருகிறவர் அதில் இருந்து பார்க்க முன்னமே, "ஓடாவியார், இதக் கழட்டலாந்தானே?" என்று கேட்பார். ஒரு மரத்தில் துளை, மற்றதில் அதற்குப் பொருந்தும் முனை, இரண்டையும் இறுக்க ஒரு ஆப்பு. ஆப்பைத் தட்டி எடுத்தால் முழுக் கட்டிலும் ஒரு கட்டு விறகுபோலச் சுருங்கிவிடும்.

என் மனைவிக்கு இது பெரிய பகிடி. "அண்டைக்கு ஊர விட்டு வரக்குள்ள உடுப்பு மூட்டையையே கொண்டுவர விடல்ல. இனி இவர் கட்டிலக் கழட்டி எடுத்துக்கிட்டு ஓடப்போறார்" என்று அயலாரிடம் சொல்லிச் சிரிப்பாள். நியாயமான கதைதான். ஆனாலும் நான் ஆப்பை விடவில்லை.

மரத்துக்கு நான் தூரம் போனதில்லை. வேலியோரப் பூவரசும் வேம்பும் போதும். பூவரசைத் தறித்ததும் களப்புச் சேற்றில் தாழ்த்தி வைப்பேன். உப்புத் தண்ணீர் ஊறினால் பூச்சி அரிக்காது. வளைந்த கொப்பை நிமிர்த்தப் பார்க்க மாட்டேன். அந்த வளைவையே கதிரையின் முதுகாக்கிவிடுவேன். சேற்றிலிருந்து எடுத்த மரம் காயும்வரை வீச்சம் தாங்காது. "மரத்துக்கிட்டக் காட்டுற பொறுமைய மனிசருக்கிட்டயும் கொஞ்சம் காட்டுங்க" என்று மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டு திட்டுவாள்.

யுத்தம் முடிந்து ஊர்ப் பாதை திறந்ததும் அவள் போவோம் என்றாள். அவளுடைய வாப்பாவின் காணி காடு மண்டிக் கிடந்தது. மகளும் மருமகனும் அதை வெட்டித் துப்புரவாக்கி வீடு கட்டத் தயாரானார்கள். நான் வேலையைச் சாட்டினேன். கற்பிட்டிப் பக்கத்து ஹோட்டல்காரர்கள், நாலு பேர் சேர்ந்து இருக்கக்கூடிய, பட்டை உரிக்காத கோணல் வாங்குகளை வெள்ளைக்காரர்களுக்காகக் கேட்டு வந்துகொண்டிருந்த காலம். உண்மையில் எனக்குப் பயம். ஒருமுறை எங்களைத் துரத்திய இடத்தில் மறுபடி நிம்மதியாகத் தூங்கலாம் என்று என் மனம் ஒப்பவில்லை.

"கொஞ்சம் பொறுப்பம்" என்றேன்.

"இருவது வருசமாப் பொறுத்தாச்சி. நான் மகளோட போறன். கூரை போட்டுக் குடுத்திட்டு வாறன்" என்றாள்.

லொறி வந்தது. பேரப்பிள்ளைகள் வெறுந்தரையில் படுக்கக் கூடாதென்று எங்கள் கட்டிலையும் மேசையையும் வாங்கையும் கேட்டாள். நானே ஆப்புகளைத் தட்டினேன். தேத்தண்ணி ஆற முன்னம் எல்லாம் லொறியில். "ஓடாவியார்ட வேல எண்டா வேலதான்" என்று சாரதி மெச்சினார். அவருக்கு ஒரு அறை விடலாம் போலிருந்தது.

அதன் பிறகு வீடு என்று சொல்லக் கரைத்தீவில் ஒன்றுமில்லை. காலையில் பாண், பகலில் கடைச் சோறு. சேற்று மரங்களை வாசல்வரை இழுத்து வந்து போட்டேன், ஏனென்று கேட்க ஆளில்லை. வீச்சம் வீடு முழுக்க நின்றது. ஒரு கட்டில் செய்ய எனக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும்? செய்யவில்லை. அவள் வரும்போது அந்தக் கட்டிலும் வரும் என்று பாயிலேயே படுத்தேன். தொலைபேசியில் பேசும்போதெல்லாம் "கூரை போட்டாச்சா?" என்றுதான் முதலில் கேட்பேன். கூரை போட்டாச்சு என்றாள். பிறகு கிணறு இறைக்க வேண்டும் என்றாள், பிறகு வேலி என்றாள். தனிமை என்ன செய்யும் என்று எனக்கு அந்த மாதங்களில்தான் தெரிந்தது. வெட்டிய மரத்தோடு வாய்விட்டுச் சண்டை பிடித்துக்கொண்டிருந்தேன்.

ஹஜ்ஜுப் பெருநாளைக்கு ஊருக்குப் போனேன். புதுத் தகரக் கூரை, வெள்ளையடித்த சுவர், முற்றத்தில் முருங்கைக் கன்று. உள்ளறையில் என் கட்டில். அதில் ஏறி இருந்தேன், சத்தமே வரவில்லை. ஆப்பு வைத்த கட்டில் கொஞ்சமாவது முனகும். குனிந்து பார்த்தேன். ஒவ்வொரு பொருத்திலும், ஆப்புக்கு மேலாலேயே நீட்டு ஆணிகள் இறங்கியிருந்தன. ஒன்று வளைந்து தலை சப்பளிந்து கிடந்தது.

"எவன் இதில ஆணி அடிச்ச?" என்று கத்திவிட்டேன். பெருநாளும் அதுவுமாக.

மனைவி குசினியிலிருந்து மாவு அப்பிய கையோடு வந்தாள். "நாந்தான். மருமகன் புடிச்சார், நான் அடிச்சன்."

"இனி எப்பிடிக் கழட்டுற?"

"என்னத்துக்குக் கழட்டோணும்?"

எனக்கு விளங்கிவிட்டது. ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை. "அப்ப நீ வரமாட்டியா?"

அவள் கோபப்படவில்லை. கட்டிலின் மற்ற ஓரத்தில் இருந்தாள். "நான் வந்திட்டன். நீங்கதான் இன்னும் வரல்ல" என்றாள்.

சாப்பாடு வந்தது, சாப்பிட்டோம். பேரப்பிள்ளைகள் கட்டிலில் ஏறித் துள்ளினார்கள், அது அசையவில்லை. மறுநாள், வேலை கிடக்கிறது என்று சொல்லிப் புத்தளம் பஸ்ஸில் ஏறினேன். அவள் மறிக்கவில்லை, சோற்றுப் பார்சல் ஒன்று கட்டித் தந்தாள்.

கரைத்தீவுக்கு வந்த கையோடு எனக்கொரு கட்டில் செய்தேன். ஒரு ஆள் படுக்கிற அகலம்தான்.