விமானம் வராத மாதங்கள்

தவராசா உருத்திரபுரத்தில் மாரடைப்பால் இறந்தபோது, அவருடைய ஒரே மகன் கிருசாந்தன் அந்தாட்டிக்காவில் ஜெனரேற்றர் ஒன்றுக்கு ஒயில் மாற்றிக்கொண்டிருந்தான்.

பரந்தனில் தண்ணீர்ப் பம்பு திருத்தும் கடையில் தொழில் பழகியவன் அவன். பிறகு ஏழு வருடம் சரக்குக் கப்பல்களின் எஞ்சின் அறையில் நின்றான். அங்கிருந்துதான் இந்த ஆராய்ச்சி நிலையத்துக்கு ஆள் எடுத்தார்கள். மாசிக் கடைசியில் விமானம் போய்விட்டால் அடுத்தது ஐப்பசியில்தான். அதுவரை பத்தொன்பது பேர், மூன்று ஜெனரேற்றர்கள். சித்திரைக் கடைசியில் சூரியனும் போய்விட்டது.

குளிரை நினைத்துத்தான் பயந்து வந்திருந்தான். அது பழகிவிட்டது. ஆனால் சூரியன் போனபின் எல்லாமே கொஞ்சம் தள்ளி, வேறு யாருக்கோ நடப்பதுபோல இருந்தது. சாப்பாட்டில் உப்புக் கூடினாலும் குறைந்தாலும் தெரியவில்லை. நேரத்துக்கு எழும்பினான், வேலை செய்தான், படுத்தான்.

ஆனி மாதம் ஒருநாள் நிலையத் தலைவி எஞ்சின் அறைக்கே வந்து செய்மதித் தொலைபேசியைக் கையில் தந்தாள். மறுமுனையில் தங்கை யதுர்ஷிகா.

"அண்ணா, அப்பா போயிட்டார்."

"எப்ப?"

"விடியக் காலமை. வயலுக்குப் போக வெளிக்கிட்டவர், வாசல்லயே விழுந்திட்டார்." அவளுடைய குரல் ஒவ்வொரு தடவையும் இரண்டு விநாடி பிந்தி வந்தது. "உங்களுக்கு வரேலாது எண்டு தெரியும். பெரியப்பா சொல்லுறார், தன்ர மகன் கோகுலன் கொள்ளி வைக்கட்டாம். அண்ணா, நான் வைக்கட்டோ?"

அவன் ஒயில் வடிவதைப் பார்த்தபடி நின்றான்.

"அம்மாவுக்கு ஒருத்தரும் வைக்கேல்ல. அப்பாவுக்காவது எங்கட கையால வைக்கவேணும். நான் வைக்கட்டோ?"

தாய் விமலேஸ்வரி போரின் கடைசிச் சண்டையில் செத்தபோது, பதுங்குகுழிக்குப் பக்கத்திலேயே மூடிவிட்டு நடந்தவர்கள் அவர்கள். யதுர்ஷிகாவுக்கு அப்போது பன்னிரண்டு வயது.

"ஓம், வை," என்றான்.

தொலைபேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வடிந்துகொண்டிருந்த பழைய ஒயில் முடியும்வரை குந்தியிருந்தான். பிறகு புது ஒயில் விட்டான்.

அடுத்த நாள் சாப்பாட்டு அறையில் எல்லோரும் கூடினார்கள். சமையற்காரர் ஒரு மெழுகுதிரி ஏற்றிவைத்திருந்தார். ஒரு நிமிடம் எழுந்து நிற்போம் என்றாள் தலைவி. நின்றார்கள். சமையற்காரர் கண்ணைத் துடைத்தார். கிருசாந்தன் தகப்பனை நினைக்கப் பார்த்தான். முகம் வரவில்லை. வந்தது, சுவருக்கு அப்பாலிருந்து இரண்டாம் ஜெனரேற்றரின் சத்தம். அதற்குள் மெல்லிய ஒரு கரகரப்பு, நேற்று இல்லாதது.

நிமிடம் முடியமுன் அவன் வெளியேறினான். அழப் போகிறான் என்று நினைத்து ஒருவரும் பின்னால் போகவில்லை. அவன் போய் மூன்றாம் ஜெனரேற்றரை ஓடவிட்டு, இரண்டாவதை நிறுத்தி, கழற்றத் தொடங்கினான். பெயாரிங் ஒன்று தேய்ந்து உடைகிற நிலையில் இருந்தது. மாற்றிப் பூட்டப் பதினொரு மணித்தியாலம் பிடித்தது. இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் எஞ்சினே போயிருக்கும் என்று விளங்கியபோது தலைவி அவனைக் கட்டிப்பிடித்தாள். அவனுக்குப் பசித்தது. வேறொன்றும் தோன்றவில்லை.

ஆவணியில் சூரியன் வந்த அன்று எல்லோரும் வெளியே ஓடினார்கள். அவனும் போய் நின்று பார்த்துவிட்டு உள்ளே வந்தான்.

கார்த்திகை மழையில் பரந்தன் சந்தியில் பஸ்ஸால் இறங்கினான். யதுர்ஷிகா குடையோடு நின்றாள். தகப்பன் செய்த இரண்டு ஏக்கர் வயலையும் அவளே விதைத்திருந்தாள். வீட்டுக்கு வந்து சாப்பிடும்வரை அவள் அதிகம் கதைக்கவில்லை. பிறகு ஒரேயடியாகக் கேட்டாள்.

"நீங்கள் அழேல்லையோ?"

"இல்லை."

"பொம்பிளைப் பிள்ளை சுடலைக்கு வாறதோ எண்டு ஊர்ச்சனம் கதைச்சதெல்லாத்தையும் கேட்டுக்கொண்டு நிண்டனான். பெரியப்பா இன்னும் என்னோட முகம் பார்த்துக் கதைக்கிறேல்ல. நீங்கள் ஒரு ஓம் மட்டும் சொல்லிப்போட்டுப் போனை வைச்சிட்டியள். பிறகு ஒருக்காக்கூட என்ன நடந்தது எண்டு கேக்கேல்ல."

"கேக்கவேணும் எண்டு தெரிஞ்சது. கேக்க வரேல்ல."

"இப்ப?"

"இப்பவும் அப்பிடித்தான் கிடக்கு."

அவள் கோப்பைகளை ஒதுக்கிவைத்துவிட்டு அவனுக்கு முன்னால் வந்து இருந்தாள். பிறகு, தகப்பன் விழுந்தது முதல் சாம்பல் அள்ளிய காடாத்து வரை, அவன் கேட்காமலே எல்லாவற்றையும் ஒன்றும் விடாமல் சொன்னாள். அவன் எழும்பாமல் இருந்து கேட்டான்.

நிலையத்துக்கு ஆள் எடுத்த கொம்பனி அடுத்த குளிர்காலத்துக்கும் கூப்பிட்டது. அவன் மறுமொழி அனுப்பவில்லை. பரந்தனில் பழகிய கடையிலேயே மறுபடி சேர்ந்தான்.

அடுத்த ஆனியில் ஆண்டுத் திவசம் வந்தது. சிவராசாப் பெரியப்பா காலையிலேயே ஐயரோடு வந்து, தருப்பையை எடுத்துக் கிருசாந்தனிடம் நீட்டினார். "மகன் வந்திட்டான்தானே. இனி இவன் செய்யட்டும்."

யதுர்ஷிகா பின்னால் நகர்ந்தாள்.

"இல்லை பெரியப்பா," என்றான் கிருசாந்தன். "கொள்ளி வைச்சது தங்கச்சி. அவள்தான் செய்யவேணும்."

"ஐயர் ஒத்துக்கொள்ளமாட்டார்."

"அப்ப ஐயர் இல்லாமச் செய்வம்."

ஐயர் பெரியப்பாவிடமிருந்து தருப்பையை வாங்கி அவளிடம் கொடுத்தார். கிருசாந்தன் அவளுக்குப் பின்னால் சப்பணம் கட்டி இருந்தான். மந்திரம் முடிய ஒரு மணித்தியாலம் ஆனது. அவனுக்கு அழுகை வரவில்லை. கால் விறைத்தது, அதை உணர்ந்தான்.

பந்தியில் பெரியப்பா அவனுக்குப் பக்கத்திலேயே இருந்து சாப்பிட்டார். யதுர்ஷிகா சோற்றுப் பாத்திரத்தோடு வந்தாள்.

"அண்ணா, இன்னும் கொஞ்சம் போடட்டோ?"

"போடு," என்றான். "பருப்புக்கு உப்புக் குறைஞ்சு போச்சு."