இரண்டாம் வரிசைக்குப் போன குரல்

எங்கள் மருத்துவமனையில் கம்ப்யூட்டர் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்பவர் ஜியான் வென்-ச்சின். தைவானின் சின்ச்சூ நகரில் பதினாறு வருஷமாக என் பக்கத்து மேசை. மேலதிகாரிகள் கேட்டால் மறுக்கத் தெரியாதவர்.

போன மார்ச்சில் இயக்குநர் அவரைக் கூப்பிட்டார். செவ்வாய்க்கிழமை வீடியோ கூட்டத்தில் தன் முகம் பாதியில் உறைந்துபோகிறது, எல்லாரும் சிரிக்கிறார்கள் என்று சலித்துக்கொண்டார்.

எங்கள் இரண்டு கட்டடங்களுக்கும் நடுவே ஒரே ஒரு பழைய கேபிள்தான். அதில் போக வேண்டியதையெல்லாம் சுவிட்ச் என்கிற நெட்வொர்க் பெட்டி எட்டு வரிசையாகப் பிரித்து நிறுத்தும். முதல் வரிசை காலியாகும்வரை மற்றவை காத்திருக்க வேண்டும். அந்த இடம் வார்டு போன்களுக்கு உரியது. வென்-ச்சின் அதில் இயக்குநரின் வீடியோவை வைத்து, போன்களை இரண்டாம் வரிசைக்குத் தள்ளினார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை, வீடியோ கூட்டம் நடந்துகொண்டிருக்கும்போது, வார்டு நர்ஸ் பனாய் எதிர்க் கட்டடத்து டாக்டரைப் போனில் கூப்பிட்டாள். நோயாளி ஒருவருக்கு மூச்சுத் திணறல். அவள் பேசியது டாக்டருக்குத் துண்டு துண்டாகத்தான் கேட்டது. மூன்று முறை முயன்றுவிட்டு அவளே ஓடினாள். நோயாளி பிழைத்தார், ஆனால் பத்து நாள் தீவிர சிகிச்சையில் கிடந்தார்.

பனாய் கிழக்குக் கரையின் அமிஸ் பழங்குடிப் பெண். பேச்சில் ஊர் வாடை உண்டு. அவள் பேசியது புரியவில்லை என்று டாக்டர் சொன்னார், விசாரணை அறிக்கையிலும் அப்படியே எழுதிவிட்டார்கள்.

வென்-ச்சினுக்கு அன்று மதியமே தெரியும். இரண்டாம் வரிசையில் எத்தனை பேச்சுத் துண்டுகள் போய்ச் சேராமல் விழுந்துபோயின என்று சுவிட்சே காட்டியது. சத்தமில்லாமல் பழையபடி மாற்றிவிட்டு வாயை மூடிக்கொண்டார்.

மூன்று வாரம் கழித்து அந்த வார்டுக்கு வேலையாகப் போனார். மருந்து அறையில் பனாய் தனியாக நின்று, தலைநகர் தைபேக்காரர்கள் உச்சரிப்பில், "மூச்சுத் திணறல், உடனே வாங்க" என்று திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவரைக் கண்டதும் வெட்கப்பட்டாள்.

"இப்பவாவது புரியுதா அண்ணே?"

"உன் பேச்சுல ஒரு குறையும் இல்லம்மா. போனைக் கெடுத்தது நான்தான்."

"எப்பத்துலருந்து தெரியும்?"

"அன்னிக்கு மதியமே."

அவள் மருந்துத் தட்டை எடுத்துக்கொண்டாள். "மூணு வாரமா நோயாளிங்ககிட்டகூட வாயத் தொறக்கக் கூசுது எனக்கு," என்றாள். அவ்வளவுதான்.

மறுநாள் நடந்ததை அவரே நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுத்தார். அறிக்கையைத் திருத்தினார்கள், அவருக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. இயக்குநர் கேட்டதெல்லாம் வீடியோ இனி உறையுமா என்பதுதான்.

பனாய் அதே வார்டில்தான் இருக்கிறாள். லிஃப்டில் பார்த்தால் தலையசைப்பாள். அதைத் தாங்க முடியாமல் வென்-ச்சின் இப்போது படியேறித்தான் போகிறார்.