இடது காலை முன்னே வைத்தேன்

ஜூலை வெயிலில் லண்டன் மோர்டன் சனமெல்லாம் கையில்லாத சட்டையோடு பேருந்துக்கு நிற்க, நான் மட்டும் தடித்த ஜாக்கெட்டையும் கம்பளிக் கையுறையையும் இடுக்கிக்கொண்டு நிற்பேன். சனிக்கிழமைகளில் என் பயணம் பனிக்கு. லண்டனுக்கு வெளியே ஒரு பெரிய கொட்டகைக்குள் பனியைக் கொட்டி, சரிவு கட்டி, வருடம் முழுக்க உருகாமல் வைத்திருக்கிறார்கள். மாரியில் வாசலில் விழும் பனியைத் திட்டித் திட்டி வழிக்கிற இதே சனம், கோடையில் அதன்மேல் விழுவதற்கு வரிசையில் நிற்கும். ஊரில் இருந்து வாசிக்கிறவர்கள் தாராளமாகச் சிரியுங்கள். ஐம்பத்திரண்டு வயதில், மருந்துக்கடையில் நாள் முழுக்க நின்று வேலை செய்கிற நானும் அந்த வரிசையில்தான் நின்றேன். மகள் பிறந்தநாளுக்கு வாங்கித் தந்த ஆறு ஸ்னோபோர்ட் பாடங்கள். வேண்டாம் என்றால் அவள் முகம் சுருங்கிவிடும்.

முதல் நாளே இளம் பெட்டை ஒருத்தி செய்ததைப் பார்த்து மயங்கிப்போனேன். இரண்டு காலையும் பலகையில் பூட்டிக்கொண்டு சறுக்கி வந்தவள், முன்காலில் முழுப் பாரத்தையும் போட்டாள். பலகையின் பின்பக்கம் மேலே எழும்பியது. முன்நுனியில் அப்படியே வழுக்கி, அரைவட்டம் சுழன்று, மறுபக்கம் திரும்பிப் போய்விட்டாள். பாணில் பட்டர் பூசும் கத்தி போல இருப்பதால் அதற்கு பட்டரிங் என்றுதான் பெயராம். வெட்கம் கெட்ட ஆசை, எனக்கும் அது வேண்டும் என்று தோன்றியது. ஆனால் பாரம் முழுக்க ஒரே காலில் விழ வேண்டும். எனக்கோ இடது காலை நம்பிப் பழக்கமே இல்லை.

போரில் ஊரே இடம்பெயர்ந்ததற்கு முந்திய மாதம், கோப்பாயில் எங்கள் வளவுக்கு மேலே குண்டு போடும் பொம்மர் இரைந்து வந்தபோது நான் விறைத்துப்போய் நின்றேன். அக்கா பின்னாலிருந்து என்னைப் பங்கர் குழிக்குள் தள்ளிவிட்டாள். இடது கால் அடியில் மடங்கி முறிந்தது. அவசரத்தில் மட்டை வைத்துக் கட்டியதோடு ஊரை விட்டு நாவற்குழிப் பாலம் கடந்தோம். இன்றைக்கும் கோப்பாயிலிருந்து அக்கா போன் எடுத்தால் முதல் கேள்வி, “கால் எப்பிடி?” என்பதுதான். “பரவாயில்லை” என்பேன். இங்கே டொக்டர் எக்ஸ்ரே பார்த்து, எலும்பு நன்றாகப் பொருந்தியிருக்கிறது, பயப்படாமல் காலை ஊன்றிப் பாவியுங்கள் என்று எப்போதோ சொல்லிவிட்டார். நான் நம்பவில்லை. படி ஏறினாலும் வலது கால்தான், வரிசையில் நின்றாலும் பாரம் வலது காலில்தான். அக்காவும் தன்னை மன்னித்தபாடில்லை.

எனக்குப் பழக்கிய பொடியன் பெயர் டேனியல், மகளின் வயதிருக்கும். முதல் பாடத்தில் அனுமதி கேட்டுவிட்டு என் முதுகில் மெல்லத் தள்ளினான். எந்தக் கால் தானாக முன்னே போகிறதோ அதுதான் பலகையில் முன்கால் என்றான். இடது கால் போனது. நான் பதறி, “இல்லை, வலது கால்தான் முன்னுக்கு. எங்கள் வழக்கம் அது. புது வீடு புகுந்தாலும், எதைத் தொடங்கினாலும் வலது காலை வைத்துத்தான்” என்றேன். அவன் நெஞ்சில் கைவைத்து, “நிச்சயமாக, உங்கள் விருப்பப்படியே” என்றான். எவ்வளவு மரியாதையான பிள்ளை என்று நினைத்தேன். அன்றிலிருந்து ஐந்து சனிக்கிழமைகள், ஐயோ, விழுந்த விழுகையை எண்ணி முடியாது. நேராகச் சறுக்கவே தடுமாறினேன், இதில் பட்டரிங் எங்கே! ஒவ்வொரு முறை விழுந்தபோதும் இடது காலைத்தான் திட்டினேன்.

ஆறாவது பாடத்தில் பனியிலேயே குந்திவிட்டேன். “என் இடது கால் உடைந்த கால், டேனியல். இதற்கு இது ஏலாது” என்றேன். அவன் முகம் சிவந்துவிட்டது. தயங்கித் தயங்கி, “தவறாக எடுக்காதீர்கள். உங்கள் சமயத்தில் அனுமதி இருந்தால், ஒரே ஒரு தடவை இடது காலை முன்னால் வைத்துப் பார்க்கலாமா? எனக்கு முதல் நாளே தெரியும். நம்பிக்கை விஷயம் என்று வாய் திறக்கவில்லை” என்றான். அடப் பாவி! நான் ஐந்து வாரம் குப்புற விழுந்ததை மரியாதையோடு பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறான். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அவனை என்ன சொல்வது? வழக்கம் பாதிதான், மீதி என் பயம். அதைச் சமயம் போலச் சொல்லி நான்தானே அவன் வாயை அடைத்தேன். அவனிடம் அதை ஒப்புக்கொண்டேன்.

சட்டைப்பையிலிருந்து சின்னத் திருப்புளி எடுத்து, பலகையில் காற்பூட்டுகளைத் திருப்பி மாட்டித் தந்தான். இடது காலை முன்னே வைத்தேன். பலகை சொன்ன சொல் கேட்டது. இரண்டு தடவை பாரத்தை மாற்றப் பயந்து விழுந்தேன். மூன்றாம் தடவை, வருவது வரட்டும் என்று முழு உடம்பையும் இடது காலில் போட்டேன். பின்பக்கம் எழும்பியது. சுழன்றேன். ஒரு அரைவட்டம், அவ்வளவுதான். கால் தாங்கியது. நோகவில்லை, நடுங்கவில்லை. இத்தனை வருடம் நோயாளி போலப் பொத்திவைத்த கால், ஒன்றுமே நடக்காதது மாதிரி என்னைத் தாங்கி நின்றது. அடிவாரத்தில் நின்று அழுதேன். அப்படியொரு ஆறுதல்.

டேனியல் எடுத்த வீடியோவை அக்காவுக்கு அனுப்பினேன். உடனே எடுத்தாள்.

“உனக்கென்ன விசரே? எந்தக் காலிலயடி நிக்கிறாய்?”

“இடதிலதான் அக்கா. நல்லா வடிவாப் பார்.”

அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. “நான்தானே தள்ளினனான்.”

“நீ தள்ளாட்டி நான் இப்ப இல்லை.”

போன கிழமை அக்கா எடுத்தபோது, அங்கே மழையா, என்ன சமைத்தாய் என்று கேட்டாள். மாமரத்தில் ஒரு காயையும் அணில் விடுகிறதில்லை என்றாள். காலைப் பற்றி ஒரு சொல் இல்லை. மோர்டன் சமையலறையில் இடது காலில் பாரம் போட்டு நின்றபடி கேட்டுக்கொண்டிருந்தேன். நிம்மதியாகத்தான் இருந்தது. ஆனால் அவள் வைக்கப் போகும்போது என் வாய் சும்மா இருக்கவில்லை.

“அக்கா, நீ காலைக் கேக்கேல்லையே.”

பதறிவிட்டாள். “ஏன், நோகுதே?”

“இல்லை. சும்மா கேள்.”